தனலெட்சுமி கொடுத்த கொடி

கமலேஸ்வரி கம்பஸுக்குப் படிக்கப் போனதிலிருந்து ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசன் லயத்து வீடுகளுக்கு ஒரு புது வியாதி வந்து சேர்ந்தது. எதைத் தின்றாலும் இதில் என்ன விற்றமின் இருக்கிறது என்று கேட்கிற வியாதி. கொழுந்து மலையில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொடும்போதுகூட எவளாவது ஒருத்தி கேட்டுவிடுவாள். ரொட்டியில் இருப்பது தோட்டத்துத் துரையின் விற்றமின், தின்றவுடனே எழும்பி மலைக்கு ஓடச் சொல்லும் என்பாள் இன்னொருத்தி. சிரித்துவிட்டுக் கூடையை மாட்டிக்கொள்வார்கள். அந்தச் சிரிப்புக்குள் பெருமை இருந்தது. நமுனுகுல மலையின் எங்கள் பக்கத்துச் சரிவில், லயத்து ஒற்றை அறைக் காம்பிராவில் பிறந்து கம்பஸ் வரைக்கும் போன முதல் பிள்ளை அவள்.

அவளைப் படிக்க வைத்தது யார் என்று கேட்டால் அண்ணன் பழனியாண்டி என்று ஊரே சொல்லும். அவனும் மறுக்கமாட்டான். உண்மையில் படிக்க வைத்தது அவன் பெண்டாட்டி தனலெட்சுமி. எழுபத்துநாலாம் வருஷத்துப் பஞ்சத்தில் கூப்பன் மாவு குறைந்து, ஜனங்கள் கீரையையும் காட்டுக்கிழங்கையும் அவித்துத் தின்று கால் வீங்கிக் கிடந்தார்கள். தனலெட்சுமி அப்போது முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். வாந்தி வருது, எனக்கு வேண்டாம் என்று சொல்லிச் சொல்லித் தன் பங்கு ரொட்டியை நாத்தனாரின் புத்தகப் பையில் வைத்து அனுப்புவாள். அந்தப் பிள்ளை செத்துப் பிறந்தது. அதற்குப் பிறகு வந்ததும் வயிற்றில் தங்கவில்லை. இதைப் பற்றி அவள் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. வாய் திறக்காததுதான் கமலேஸை அரித்தது. பாடப் புத்தகத்தில் விற்றமின் என்ற சொல்லை முதன்முதலில் படித்தபோது அந்த ரொட்டிதான் ஞாபகம் வந்ததாக அவள் பிற்பாடு சொல்லியிருக்கிறாள்.

கம்பஸில் கடைசி வருஷம் ஆளுக்கொரு ஆராய்ச்சி செய்யவேண்டும். கமலேஸ் எடுத்துக்கொண்டது இரத்தக் குழாய். குழாயின் உள்பக்கத்தில், உடம்பைக் கட்டியிருக்கிற நுண்ணிய கலங்கள் ஒரே வரிசையாய் ஒட்டியிருக்கின்றன. ஆகாத ஏதாவது பட்டால் அவை வீங்கிச் சீறுகின்றன. அதற்கு அழற்சி என்று பெயர். நெல்லிக்காயிலும் தோடம்பழத்திலும் இருக்கிற விற்றமினைக் கொடுத்தால் அந்தச் சீற்றம் அடங்குமா என்று பார்ப்பது அவள் வேலை. உயிரோடு இருக்கிற மனிதரிடம் குழாயை வெட்டி எடுக்க முடியாது. வெளிநாட்டில் இதற்கு ஒரு வழி கண்டிருந்தார்கள். பிள்ளை பிறந்ததும் அறுத்துப் போடுகிற தொப்புள்கொடிக்குள்ளும் ஒரு இரத்தக் குழாய் ஓடுகிறது. அதைக் கழுவி, உள்பக்கத்துக் கலங்களைப் பிரித்தெடுத்து, கண்ணாடிக் குப்பியில் சூடு குறையாமல் வைத்து வளர்க்கலாம். அவளுக்குப் படிப்பித்த ஸ்ரீஸ்கந்தராஜா சேர் இந்த வித்தையை இங்கிலாந்தில் கற்றுக்கொண்டு வந்த யாழ்ப்பாணத்துக்காரர்.

நன்றாகச் சாப்பிட்ட தாயின் கொடியையும் தோட்டத்துத் தாயின் கொடியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்ன என்று கேட்டது கமலேஸ்தான். சேருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இது சரியாய் வந்தால் முதல் வகுப்பு நிச்சயம், பிறகு கம்பஸிலேயே வேலை என்றார். டவுன் தாய்மாரின் கொடி பெரிய ஆஸ்பத்திரியில் வேண்டிய மட்டும் கிடைத்தது. தோட்டத்துக் கொடிக்குத்தான் வழியில்லை, ஏனென்றால் தோட்டத்தில் யாரும் கொடியை எறிவதில்லை.

பிள்ளைக்குப் பின்னால் விழுகிற நஞ்சையும் கொடியையும் ஒரு கலயத்தில் போட்டு, வாயைத் துணியால் கட்டித் தகப்பன் கையில் கொடுப்பார்கள். அவன் லயத்துக்குப் பின்னால் நாய் கிண்டாத ஆழத்தில் புதைத்து மேலே கல் வைப்பான். மேல் டிவிசனில் இதற்கு மேலும் ஒரு வழக்கம் இருந்தது. பேர் வைப்பதற்கு முன்னே பிள்ளை தவறிப்போனால், அந்தக் கலயத்துக்குப் பக்கத்திலேயே குழி வெட்டிப் பிள்ளையை வைப்பார்கள். கொடியைப் பிடித்துக்கொண்டுதான் அது அதே வயிற்றுக்குத் திரும்பி ஏறி வரும் என்பது அவர்கள் கணக்கு. அடுத்த வருஷம் ஒரு பிள்ளை பிறந்துவிட்டால், பார்த்தாயா, பாதை தெரிந்து வந்துவிட்டான் என்பார்கள்.

எண்பத்தொன்றாம் வருஷம் ஐப்பசி மழை தொடங்கியிருந்தது. கமலேஸ் லீவில் வந்திருந்தாள். தனலெட்சுமிக்கு நிறைமாசம். போன வாரம் வரைக்கும் கொழுந்து எடுத்தவள், மாமியார் பெரியாயி போட்ட சத்தத்தில் காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போவதை நிறுத்தி, அடுப்படியில் கால் நீட்டி உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். பெரியாயி தண்ணீர்ப் பீலிக்குப் போன நேரம் பார்த்துத் தனலெட்சுமியே பேச்சை எடுத்தாள்.

"கொடி கெடைக்காம நிக்கிறியாமே."

யார் சொன்னது என்று கமலேஸ் கேட்டாள். தோட்டத்து மிட்வைஃப் ஜெனீரா மிஸ்ஸிதான் சொல்லியிருக்கிறாள்.

"மிஸ்ஸியக் கேட்டவ என்னைய ஏன் கேக்கல?"

"ஒங்கள எப்படி அண்ணி கேக்குறது."

"என்னைய கேக்காம வேற யாரைக் கேப்ப? நஞ்சு கலயத்துல இருந்தாப் போதும். கொடி இல்லேன்னு யாரு தெறந்து பாக்கப் போறா. புள்ளதான் கையில இருக்கப் போவுதே, அப்பறம் கொடி எதுக்கு."

அவள் அதைச் சொன்ன விதம் அப்படி. இந்தத் தடவை பிள்ளை தங்கும் என்று அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. கமலேஸ் வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னாள். மூன்றாம் தரம் சொல்லவில்லை. அத்தைக்கும் உங்க அண்ணனுக்கும் மூச்சு விடாதே என்று சொல்லிவிட்டுத் தனலெட்சுமி கிழங்கை உலையில் போட்டாள்.

பிள்ளை ஒரு காலை வேளையில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்தது. ஆண் பிள்ளை. எடை குறைவு என்று ஜெனீரா மிஸ்ஸி முகத்தைச் சுளித்தாலும் அழுகை லயம் வரைக்கும் கேட்டதாகப் பழனியாண்டி எல்லாரிடமும் பீற்றிக்கொண்டான். மிஸ்ஸி கொடியைத் தனியாக எடுத்து உப்புத் தண்ணீர்ப் போத்தலில் போட்டாள். நஞ்சை மட்டும் கலயத்தில் வைத்து வாயை இறுக்கிக் கட்டினாள். பழனியாண்டி அதை வாங்கிக்கொண்டு மழையில் ஓடினான். கமலேஸ் போத்தலோடு பதுளைக்குப் பஸ் ஏறி, மொஹிதீன் நானாவின் கூல்பாரில் ஐஸ் வாங்கி, வாயகன்ற பிளாஸ்கில் அடைத்து, ரயிலைப் பிடித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அவள் புறப்படும்போது தனலெட்சுமி பிள்ளையின் கையைத் தூக்கி ஆட்டி, அத்தை பாஸாயிட்டு வாங்க என்று பிள்ளைக்குப் பதிலாகத் தானே சொல்லிக்கொண்டாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை அதற்கு முன்னும் பின்னும் யாரும் பார்த்ததில்லை.

ஆய்வுகூடத்தில் கலங்கள் ஒட்டிப் பிடிக்கச் சில நாள் ஆனது. தோட்டத்துக் கொடி என்று கமலேஸின் கையில் இருந்தது அந்த ஒன்றுதான். அது கெட்டுப்போனால் ஆராய்ச்சியில் பாதி கிடையாது. அவள் சோறு தண்ணி மறந்து நுணுக்குக்காட்டியில் கண் வைத்துக் கிடந்தாள். முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாய் இருந்தவை, பிறகு கிட்டக்கிட்ட வந்து, இடைவெளி இல்லாமல் நெருங்கிப் படர்ந்தன. ரோட்டில் நின்று எதிர் மலையின் தேயிலையைப் பார்ப்பது போல இருந்தது. சேரும் வந்து பார்த்துத் தோளில் தட்டினார். இனி நல்லாய்ப் பெருகட்டும், பிறகு விற்றமினைக் கொடுத்துப் பார்க்கலாம் என்றார்.

தோட்டத்தில் மழை விடவில்லை. லயத்துத் தகரத்தில் ஓட்டை இருந்தது எல்லாருக்கும் தெரியும், தோட்டத்து ஒபீசுக்கும் தெரியும். ஓட்டையில் செருகியிருந்த சாக்கை நனைத்துக்கொண்டு சுவரில் ஈரம் இறங்கியது. தனலெட்சுமி பிள்ளையைக் கம்பிளிக்குள் சுருட்டி மார்போடு வைத்துக்கொண்டு அடுப்பை அணையவிடாமல் உட்கார்ந்திருந்தாள். எடை குறைந்த பிள்ளைக்கு அதெல்லாம் எந்த மூலைக்கு? மார்பில் சளி கட்டி மூச்சு இழுத்தது. தோட்டத்து டாக்டரய்யா பதுளைக்குக் கொண்டுபோகச் சொன்னார். லொறி கொழுந்து இறக்கிவிட்டு வர நேரமானது. பாதி வழியில், பழனியாண்டியின் மடியிலேயே, பிள்ளை அடங்கிவிட்டது.

வழக்கப்படி கலயத்துக்குப் பக்கத்தில் குழி வெட்டினார்கள். பக்கத்துக் காம்பிரா ஆம்பிளைகள் இரண்டு பேர் மண்ணை அள்ளிப் போட, பெரியாயி பிள்ளையை மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டித் துணி சுற்றினாள். வாசலில் சரிந்து கிடந்த தனலெட்சுமி அதுவரைக்கும் அழவே இல்லை. பிள்ளையைக் குழிக்குக் கொண்டுபோகும்போது எழுந்து உட்கார்ந்து, கலயத்துல கொடி இல்ல என்று சொன்னாள். யாருக்கும் முதலில் விளங்கவில்லை. இரண்டாம் தரம் சொன்னபோது எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். யாரிடம் கொடுத்தாள், எதற்குக் கொடுத்தாள் என்று அவளே முழுவதையும் சொன்னாள். சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் பிள்ளை திரும்பி வரவேண்டும் என்ற ஆசை அவளைச் சும்மா இருக்கவிடவில்லை.

பெரியாயி மருமகளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தலையில் கை வைத்து ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். பழனியாண்டிதான் பேசினான்.

"பேரு வெக்காத புள்ளைக்குத் திரும்பி வர்ற பாதையும் இல்லாம பண்ணிட்டீங்களே, ரெண்டு பேரும்."

பிள்ளையை வைத்து மூடினார்கள். தலைமாட்டில் ஒரு சாண் இடத்தை மட்டும் கல்லை அடையாளம் வைத்து மூடாமல் விட்டார்கள், கொடி வந்தால் போடுவதற்கு. பழனியாண்டி நமுனுகுல தபால் கந்தோருக்கு நடந்தே போய்த் தந்தி அடித்தான். பிள்ளை தவறிவிட்டது, கொடியுடன் உடனே வா.

தந்தியை வாங்கிய கமலேஸ் முதலில் செய்தது, ஆய்வுகூடத்துக்கு ஓடிக் குப்பியை எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்ததுதான். கலங்கள் முந்தின நாளைவிட அதிகமாயிருந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று இரண்டாகப் பிரிவதற்கு இடுப்பு குறுகி நின்றது. பிள்ளை மண்ணுக்குள் போய்விட்டது, இது இங்கே வளர்கிறது. படித்தவளுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆனாலும் மேசையில் தலையை வைத்து வாய்விட்டு அழுதாள்.

கொடி இப்போது எங்கே இருக்கிறது? கலங்களைப் பிரித்த பிறகு மிச்சத்தை மற்றக் கழிவுகளோடு எரித்தாகிவிட்டது. இருப்பதெல்லாம் இந்த ஒரே குப்பிக்குள் ஒட்டியிருக்கும் இவைதான். இவற்றைக் கொடுத்தால் ஆராய்ச்சி போய்விடும். புதிதாய்த் தொடங்கப் பரீட்சைக்கு முன்னால் நாளும் இல்லை. ஸ்ரீஸ்கந்தராஜா சேர் கெட்ட மனுஷர் இல்லை. அவள் அழுத முகத்தைப் பார்த்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"பிள்ளை, நான் சொல்லுறதைக் கேளும். ஆஸ்பத்திரியிலை எவ்வளவு கொடி கிடக்குது. ஒண்டை எடுத்துக்கொண்டு போய்க் குடும். அவையளின்ரை மனமும் ஆறும், உம்மடை படிப்பும் பழுதாகாது."

அவள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். பிரசவ வார்டில் தெரிந்த அற்றெண்டன்ட், அன்று காலைப் பிள்ளையின் கொடியைப் போத்தலில் போட்டுக் கையில் கொடுத்தான். திரும்பும்போது, அதோ அந்தக் கட்டில்தான் என்று காட்டினான். ஒரு இளம் பெண் சாய்ந்து உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். இந்தப் பிள்ளையின் கொடியை அந்தக் குழியில் போட்டால், எந்தப் பிள்ளைக்கு எந்த வயிற்றுக்குப் பாதை போடுகிறோம் என்று கமலேஸுக்குப் பயம் வந்தது. கம்பஸில் படிக்கிற பெண்ணுக்கு இப்படி ஒரு யோசனை வரலாமா என்று கேட்கிறவர்கள் லயத்தில் பிறந்திருக்கமாட்டார்கள். போத்தலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் விடிந்ததும் குப்பியின் வாயை மெழுகால் அடைத்து, துணியில் சுற்றி, உடம்புச் சூடு படட்டும் என்று சேலைக்குள் அடிவயிற்றோடு கட்டிக்கொண்டு ரயிலேறினாள். முதல் வகுப்பும் கம்பஸ் வேலையும் அன்றோடு போயின. அதற்காக அவள் வருத்தப்பட்டதாகச் சொன்னதில்லை. வயிற்றில் கை வைத்துக்கொண்டு நின்றவளைப் பார்த்த ஒரு சிங்களத்து அம்மா எழுந்து இடம் கொடுத்தாள். அப்புத்தளையில் மூடுபனி ஜன்னல் வழியாகப் பெட்டிக்குள்ளேயே வந்தது. அங்கே ஒரு தரம் குப்பியை வெளியே எடுத்துப் பார்த்தாள். கலங்களுக்கு ஊற்றியிருந்த, ரோஸ் நிறமாய்த் தெளிந்திருந்த தண்ணீர் மங்கி, கஞ்சித் தண்ணீர் மாதிரி கலங்கியிருந்தது. ஏதோ அழுக்கு உள்ளே போய்விட்டது. அப்படிக் கலங்கினால் கலங்கள் முடிந்துவிட்டன என்று அர்த்தம். முந்தின நாள் மாலை வரைக்கும் வளர்ந்தவை. சரி, மண்ணில் வைக்கத்தானே கொண்டுபோகிறோம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு மறுபடி கட்டிக்கொண்டாள்.

லயத்துக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தனலெட்சுமி தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தாள். பால் கட்டிச் சட்டையெல்லாம் நனைந்திருந்தது. கமலேஸ் அவள் காலடியில் உட்கார்ந்து குப்பியை எடுத்து வைத்தாள். கொடியை எரித்துவிட்டார்கள், அதிலிருந்து எடுத்தது இதற்குள் இருக்கிறது என்று சொன்னாள். பழனியாண்டி அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். வெறுங் கலங்கல் தண்ணியா இருக்கு என்றான். கோபம்கூட இல்லை, களைத்துப் போயிருந்தான். பெரியாயி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, எதுவாயிருந்தாலும் அதனுடையதுதானே, இருட்டுவதற்குள் போட்டுவிடு என்று மகனிடம் சொன்னாள். அவன் மம்பட்டியை எடுத்தான்.

"இருங்க," என்றாள் தனலெட்சுமி. பிறகு கமலேஸைப் பார்த்தாள். "இதுல எம்புள்ளையா இருக்கு?"

"புள்ளைன்னு இல்ல அண்ணி. புள்ளையோட ஒடம்புல இருந்தது. கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவு சின்னது."

"அது அங்க என்னா பண்ணிச்சு?"

"ஒண்ணு ரெண்டாவும். ரெண்டு நாலாவும். அப்படியே வளந்துச்சு."

"இவன் போன அன்னைக்கு?"

கமலேஸ் தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணியிடம் பொய் சொல்லக்கூடாது என்றுதானே இவ்வளவு தூரம் வந்தது. "அன்னைக்கும் வளந்துச்சு அண்ணி. நேத்து சாயங்காலங்கூடப் பாத்தேன், நல்லா இருந்துச்சு."

தனலெட்சுமி அவள் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"உசுரோட இருந்ததயா மண்ணுல போடக் கொண்டாந்த?"

நீங்கள் கேட்டுத்தானே தந்தி வந்தது என்று கமலேஸ் சொல்லியிருக்கலாம். அதற்குள் தனலெட்சுமி மாமியாரின் கையிலிருந்து குப்பியை வாங்கி, முந்தானையால் துடைத்து, சட்டைக்குள் மார்போடு வைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாமப் போச்சே. தெரிஞ்சா தந்தி அடிக்க விட்டிருப்பனா."

பெரியாயிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மண்ணில் போடாவிட்டால் பிள்ளை இந்த வயிற்றுக்குத் திரும்பி வராது, பிறகு இந்த வீட்டில் பிள்ளையே இல்லை என்று கெஞ்சினாள்.

"வராட்டிப் போவுது அத்தை," என்றாள் தனலெட்சுமி. "இருக்குறது இருக்கட்டும்." பிறகு கமலேஸின் பக்கம் திரும்பினாள். "இப்பவும் இருக்குதானே?"

ஆஸ்பத்திரிப் போத்தலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த கமலேஸ், கலங்கிப்போன குப்பியை அண்ணியின் நெஞ்சில் பார்த்தாள்.

"இருக்கு அண்ணி."

"அப்ப காலையில மொத பஸ்ஸுக்கே கொண்டுட்டுப் போயிரு. இங்க குளுரு."

பழனியாண்டி மம்பட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே போய் நின்றான்.

காலையில் தூறல் இருந்தது. தீட்டு கழியாத பொம்பிளை ரோட்டுக்கு வரக்கூடாது என்று பெரியாயி தடுத்தும் கேளாமல், தனலெட்சுமி கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு பஸ் நிற்கும் முடக்கு வரைக்கும் நடந்து வந்தாள். வழியெல்லாம் குப்பி அவள் சட்டைக்குள்ளேயே இருந்தது. பெரட்டு முடிந்து மலைக்குப் போகிற பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். கீழே பஸ் உறுமி ஏறுகிற சத்தம் கேட்டபோதுதான் அதை வெளியே எடுத்துக் கமலேஸின் கையில் கொடுத்தாள். குப்பி சுடச்சுட இருந்தது.

"அங்க அதுக்கு என்னா குடுப்ப?" என்று கேட்டாள்.

கமலேஸ் குப்பியைச் சேலைக்குள் கட்டிக்கொண்டாள். "விற்றமின்தான் அண்ணி. நெல்லிக்காயில இருக்குமே, அது மாதிரி."

"நல்லாக் குடு. எனக்குள்ள இருந்தப்பத்தான் அதுக்கு ஒண்ணும் கெடைக்கல."

பஸ் வந்து நின்றது. சரி அண்ணி என்று சொல்லிவிட்டுக் கமலேஸ் ஏறிக்கொண்டாள்.